கரைந்துவிட்ட பிசின்

கலங்கல் நீரைத் தெளியவைக்க நம் ஊர்களில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பார்கள். அங்கே வேலை செய்வது கொட்டையிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். அதே வேலைக்கு ஆய்வகத்தில் ஒரு சங்கிலி பிறந்தது, யாரும் கேட்காமலே.

1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பட்லர் தேடியது அயனிப் பரிமாற்றப் பிசினை. அது நீரில் கரையவே கூடாது. பிற மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் அல்லைல் கைகள் கொண்ட அம்மோனியம் உப்புகளைக் கோத்துப் பார்த்தார். மூன்று, நான்கு கைகள் இருந்தவை எதிர்பார்த்தபடி வலையாகப் பின்னிக் கெட்டியாயின. இரண்டு கைகள் இருந்தவையும் அப்படித்தான் ஆக வேண்டும் என்றது அன்றைய வேதியியல். அவையோ நீரில் கரைந்துவிட்டன!

பிசினுக்குத் தேறாது என்று பட்லர் அவற்றைத் தூக்கி எறியவில்லை, காரணத்தைத் துருவினார். இந்தக் கதையில் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான். 1957இல் அவரும் அவரோடு ஆய்வு செய்த ஏஞ்சலோவும் விடை சொன்னார்கள்: மூலக்கூறின் ஒரு கை சங்கிலியில் சேர்ந்ததும், மறு கை பக்கத்துச் சங்கிலியைப் பிடிக்காமல் தனக்குள்ளேயே மடங்கி வளையமாகிவிடுகிறது, சங்கிலி அங்கிருந்து மேலே வளர்கிறது. ஆறு அணு வளையம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஐந்து அணு வளையம் என்பது பின்னால் தெரிந்தது.

அப்படிப் பிறந்த பாலிடாட்மாக்கின் ஒவ்வொரு கண்ணியிலும் நேர்மின்னேற்றம் உண்டு. ஆற்று நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் படிவதில்லை. பாலிமர் அந்த ஏற்றத்தைத் தணிக்க, துகள்கள் திரள்கின்றன. படிகாரமும் இதைச் செய்யும். ஆனால் நீரின் காரத்தன்மையைக் குறைத்து, அலுமினியக் கசடையும் குவிக்கும். குடிநீரைத் தெளியவைக்க அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஏற்ற முதல் செயற்கைப் பாலிமர் பாலிடாட்மாக்தான்.

அளவு தவறினால் இதுவே கெடுக்கும். ஜார் டெஸ்ட்டில் வரிசையாக வைத்த குவளைகளில் வெவ்வேறு அளவு ஊற்றி, துடுப்பை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சுற்றினால் ஏதோ ஒரு குவளையில் குண்டூசித் தலை அளவுக்குத் திரள்கள் தோன்றி இறங்கும். அதிகம் ஊற்றிய குவளை கலங்கலாகவே நிற்கும்; துகள்கள் இப்போது நேர்மின்னேற்றம் பெற்று மறுபடி தள்ளிக்கொள்கின்றன. எஞ்சும் பாலிமர் கிருமிநீக்கியான குளோரமினோடு சேர்ந்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் என்டிஎம்ஏ உருவாகலாம். ஆகவே ஆற்று நீரின் நிறம் மாறும்போதெல்லாம் ஜார் டெஸ்ட் செய்து பார்த்தே பாலிமர் ஊற்ற வேண்டும். நேற்றைய அளவை நம்பி ஊற்றக் கூடாது.