கிரகண இருளும் கீழைக் கரையும்

மட்டக்களப்பு வாவிக்கரையிற் கச்சான் காற்று வீசும் ஆனி மாதம் வறட்சிக்குரியது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டே கிழக்கு நோக்கி வரும். 1955 யூன் 20 இல் நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண வந்த பன்னாட்டு வானியலாளர், மட்டக்களப்புப் புகையிரதப் பாதையிலுள்ள இங்குராக்கொடை, பொலநறுவைப் பகுதிகளில் முகாமிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுவே. உச்சவிடத்தில் 7 நிமிடமும் 8 விநாடியும் நீடித்தது. இலங்கையிற் கிடைத்தது அதனினும் குறைந்த நேரமே.

சூரியனை ஆராய வந்தோர் அது மறைவதை விரும்பியது ஏன்? சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமுடி, சூரிய வட்டத்தினும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு மங்கலானது. நண்பகலில் வாவித் தோணியொன்றில் ஏற்றிய விளக்கை எவர் காண்பார்? பேரொளி அவிந்தாலன்றிச் சிற்றொளி புலப்படாது.

இவ்விருளின் பயன் முதலிற் பெரிதும் விளங்கியது தமிழகத்துக்கு வடக்கே, குண்டூரிலாகும். 1868 ஓகத்து 18 இல் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் அங்கு சூரியச் சுவாலைகளின் நிறமாலையை ஆராய்ந்து, மறுநாள் கிரகணமின்றியும் அவற்றைக் கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லொக்கியரும் தனித்து அம்முறையைக் கண்டறிந்தார். சுவாலைகளின் மஞ்சட் கோடு சோடியத்துக்குரியதன்று எனத் தெளிந்தபோது, ஈலியம் என்னும் புதுத் தனிமம் பெயர் பெற்றது. புவியில் அது 1895 இலேயே அகப்பட்டது.

1871 திசெம்பர் 12 இல் நிழல் இலங்கைக்கே வந்தது. வாவிக்கு வடக்கே, அதே கீழைக் கரையில், திருகோணமலையில் மோஸ்லி நிறமாலைகாட்டியுடன் நின்றார். யாழ்ப்பாணத்தில் கப்டன் ஹொக் ஒளிமுடியைப் படம் பிடித்தார். நீலகிரியிலிருந்த ஜான்சன் ஒளிமுடியின் நிறமாலையிற் கருங்கோடுகளைக் கண்டார். அவ்வொளியின் ஒரு பகுதி, நுண்துகள்கள் சிதறவிட்ட சூரிய ஒளியே என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆயினும் 1869 இல் அமெரிக்காவிற் காணப்பெற்ற பச்சைக்கோடு நெடுங்காலம் புதிராகவே நின்றது. ‘கொரோனியம்’ என்றொரு தனிமத்தைக் கற்பித்துப் பார்த்தனர். ஆவர்த்தன அட்டவணையில் அதற்கு இடமில்லை. 1939 இல் குரோத்திரியன் வழிகாட்ட, சுவீடன் நாட்டு எட்லேன் சில ஆண்டுகளில் அதனை விடுவித்தார்: அக்கோடு பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பினுடையது. இரும்பு அந்நிலை எய்த, வெப்பம் பத்து இலட்சம் பாகையைத் தாண்டவேண்டும். சூரிய மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 பாகையே. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறுவது போன்ற இவ்விந்தை, இன்றும் முற்றாக விளக்கம் பெறவில்லை.

இவ்வினா கொதித்துக்கொண்டிருந்த காலத்திலேதான் 1955 ஆம் ஆண்டுக் கிரகணம் வந்தது. மாரி மாதமாகிய மார்கழியை அண்டி யாழ்ப்பாணத்தில் தெளிந்திருந்த வானம், வறண்ட ஆனியில் முகிலால் மூடிக்கொண்டது. பல்லாயிரம் மைல் கடந்து வந்த கருவிகளிற் பெரும்பாலானவை வெறும் இருளையே பதிவுசெய்தன. அன்று வசம்பு கலந்த மருந்தை உண்டால் மேனி வெளுக்கும் என்ற வதந்தியை நம்பி உண்டு நோயுற்றோரும் நாட்டிற் பலர். அவர்களுக்கும் கிரகணம் கைகொடுக்கவில்லை.

சந்திரனை எதிர்பாராது இருளைச் செய்துகொள்ளும் கருவியை, பிரெஞ்சு அறிஞர் லியோ 1930 அளவில் அமைத்திருந்தார். உயர்ந்த மலைகளிலேயே அது பயன்பட்டது. 2023 செத்தெம்பர் 2 இல் இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1, அத்தகைய கருவியொன்றைப் புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவுக்குக் கொண்டு சென்றது. அது ஆராயும் கோடுகளுள் ஒன்று அதே பச்சைக்கோடு.