மாவும் வீசமும் சேருமிடம்



'மாகாணி' என்ற சொல்லைப் பெரியவர்கள் வாயில் கேட்டிருப்பீர்கள். மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. (சில ஜில்லாக்களில் காணி என்று தனி நில அளவு உண்டு, நான் சொல்வது அதுவல்ல.) இரண்டும் சேர்ந்தது மாகாணி. அதற்கே வீசம் என்றும் பேர், அதாவது பதினாறில் ஒன்று. இருபதும் எண்பதும் சேர்ந்தால் பதினாறு எங்கேயிருந்து வந்தது?

ஒரு வேலி நிலத்தை 80 துண்டாகப் போடுங்கள். துண்டு ஒன்று ஒரு காணி. ஒரு மாவுக்கு 4 துண்டு. கூட ஒரு காணி சேர்த்தால் 5. எண்பதில் ஐந்து என்றால் பதினாறில் ஒன்றுதானே!

நம் ஊரில் பங்கு போட இரண்டு வழி. பாதி, பாதியில் பாதி என்று போனால் அரை, கால், அரைக்கால், வீசம். அஞ்சு, பத்து, இருபது என்று போனால் நாலுமா, இருமா, மா. ஒன்றில் முடிந்த கணக்கு மற்றதில் இடிக்கும். 16, 32, 48, 64, 80 என்று எண்ணுங்க. 20, 40, 60, 80 என்றும் எண்ணுங்க. இரண்டும் முதலில் சந்திப்பது எண்பதில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை மீச்சிறு பொது மடங்கு என்பார்கள். காணியை நாலாக்கினால் முந்திரி, 320-ல் ஒன்று. அதையும் 320 ஆக்கினால் கீழ்முந்திரி.

இது வெறும் வாய்க்கணக்கு இல்லை. ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலக்கணக்கு இருக்கிறது. குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு கழித்து, வரி கட்டும் நிலத்தைக் கீழ்முந்திரி வரை எழுதியிருக்கிறார்கள். தஞ்சை வழக்கப்படி வேலிக்கு ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால், முந்திரி என்பது இரண்டு சென்ட் சொச்சம். கீழ்முந்திரியோ மூணு சதுர அடிகூட வராது, ஒரு ஆள் குந்துகிற இடம்! கயிறு பிடித்து அளந்த அளவா அது? கழித்தலில் மிஞ்சியதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, ஒரு குடும்பத்துக்கு முக்கால் வேலி ஒரு இடத்தில், அரை வேலி ஒரு இடத்தில், மூணுமா, மாகாணி வேறே இடங்களில். காணியாக்கினால் 60, 40, 12, 5. மொத்தம் 117. எண்பதைக் கழித்தால் ஒரு வேலி போக மிச்சம் 37. அந்த 37-ல் 20 கால், 12 மூணுமா, 5 மாகாணி. ஆக 'ஒன்றே கால் மூணுமா மாகாணி'. கலப்பு பின்னம் என்று பாடம் வருமுன்பே அந்த 'ஒன்றே'யில் அது இருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவனுக்கு இது விரல் நுனியில். ஒப்பிக்காதவன் கணக்கன் சொன்னதே கணக்கு என்று கைநாட்டு வைத்தான்.

ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை வீசமும் அணாவும் ஒன்று. 1957 ஏப்ரலில் 100 நயா பைசா வந்தது. 16-க்கும் 100-க்கும் பொதுவாக வகுக்கும் பெரிய எண் 4 மட்டுமே. ஆகையால் நாலணா, எட்டணா, பன்னிரண்டணாதான் சரியாக 25, 50, 75 ஆயின. ஓரணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? ஆறு என்றார்கள். ஒவ்வொரு அணாவாக மாற்றினவருக்கு ரூபாய்க்கு 96 பைசாதான் கையில். நஷ்டம் சில்லறை புழங்கின ஏழைக்கு.

அந்த நாலணாக் காசு மட்டும் பேரை விடாமல் ஓடியது, 2011 ஜூன் முடிய.