வளைதலைத் திருப்புளி: இடுக்கில் திருகும் கருவியின் வரலாறும் தேர்வும்

நேரான பிடியுடைய திருப்புளியை நிமிர்த்தி வைத்துத் திருப்ப இடமில்லாத குறுகிய இடங்களில் திருகாணியைப் பூட்டவும் கழற்றவும் பயன்படும் கைக்கருவி வளைதலைத் திருப்புளி ஆகும். இதன் முனை, பிடிக்குச் செங்குத்தாக வளைந்திருக்கும். தலைப்பகுதியில் ஒருதிசைப் பற்சக்கர அமைப்பு சேர்ந்திருந்தால் அது வளைதலை ராட்செட் திருப்புளி எனப்படும். பட்டறைகளில் இதனை 'எல் ஸ்க்ரூ டிரைவர்', 'ராட்செட்' என்று சொல்வதுண்டு. திருகாணி இயந்திரங்களின் உள்ளிடுக்குகளுக்குள் நுழைந்தபோது, அதைத் திருப்பும் கருவியும் அங்கே நுழைய வேண்டியதாயிற்று. இக்கருவியின் வரலாறு இந்தத் தேவையிலிருந்தே தொடங்குகிறது.

சொல்லும் பொருளும்

திருப்பு, உளி என்னும் இரு சொற்கள் சேர்ந்தது திருப்புளி. திருப்புவதற்குப் பயன்படும் உளி என்பது இதன் பொருள். தொடக்ககாலத் திருகாணிகளின் தலையில் ஒரே ஒரு நேர்வெட்டு மட்டுமே இருந்தது. அந்த வெட்டில் பொருந்தும் கருவியின் முனை தட்டையான உளியைப் போலவே இருந்ததால் பெயர் வடிவத்தைச் சரியாகவே சொல்கிறது. பிரெஞ்சு மொழியில் இக்கருவிக்கு 'டூர்ன்வீஸ்' என்று பெயர். அதன் பொருளும் திருகைத் திருப்புவது என்பதே.

திருகாணியின் உடலில் சுற்றிச் செல்லும் வரையைத் தமிழில் புரி என்பர். கயிற்றின் முறுக்குக்கும் பூணூலின் இழைகளுக்கும் வழங்கும் அதே சொல்தான் இது. பெரும்பாலான திருகாணிகள் தலைப்பக்கம் இருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும்; எதிர்த்திசையில் திருப்பினால் தளரும். திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் மலையைத் தமக்கு வலப்பக்கமாக வைத்து 14 கிலோமீட்டர் பாதையைச் சுற்றி வருகிறார்கள். அதுவும் கடிகாரத் திசையே. வலம் வந்தால் இறுகும், இடம் வந்தால் தளரும் என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு விலக்குகளும் உண்டு. சைக்கிளின் இடப்பக்க மிதிக்கட்டை எதிர்ப்புரி கொண்டது. அதை வலப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டும். திருப்புளியின் திசைமாற்றிக் குமிழைத் தள்ளுவதற்கு முன் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

கல்லும் மரமும் ஆண்ட ஊரில்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுபெற்றது. இத்தகைய கல் திருப்பணியில் கற்கள் தம் எடையாலும் செதுக்கிய பொருத்துகளாலும் நிற்கின்றன. மரத்தேர்களில் துளையும் முளையும், ஆப்பும், இரும்புப் பட்டையும் இணைப்பு வேலையைச் செய்கின்றன. அந்த உலகில் இறுக்குவதற்கான கருவி சுத்தியல், திருப்புளி அல்ல. திருகாணி என்னும் சொல் பொதுமக்கள் நாவில் புழங்கியது பெரும்பாலும் தோடு, மூக்குத்தி ஆகிய நகைகள் வழியாகத்தான். அந்தத் திருகாணியைத் திருப்ப விரல்களே போதும்.

இயந்திரங்கள் வந்தபின் நிலைமை மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் விழுப்புரத்திலிருந்து காட்பாடி வழியாகச் செல்லும் மீட்டர் பாதை இரயில் திருவண்ணாமலையைத் தொட்டது. தையல் இயந்திரம், மிதிவண்டி, சுவர்க்கடிகாரம் ஆகியவை சிறு நகரங்களை அடைந்தன. கல்கத்தாவில் 1935-இல் தொடங்கிய ஜே இன்ஜினியரிங் நிறுவனத்தின் உஷா தையல் இயந்திரங்களும், சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் மிதிவண்டிகளும் திருகாணியை வீட்டுக்குள்ளும் தெருவுக்கும் கொண்டுவந்தன. தையல் இயந்திரத்தின் ஊசித்தட்டைக் கழற்ற முயன்றவர்கள் இடுக்கின் சிக்கலை அறிவார்கள். திருகாணிக்கு நேர் மேலே ஊசிக்கம்பியும் பாதமும் நிற்கும்; நீளமான திருப்புளியை நேராக வைக்க முடியாது. குட்டைப் பிடித் திருப்புளி அல்லது வளைந்த திருப்புளி அங்கே தேவைப்படுகிறது.

திருகாணி மலிவான வரலாறு

ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டிலேயே இணைப்புத் திருகாணிகள் இருந்தன. ஆனால் அவற்றின் புரியை அரத்தால் கையால் அராவ வேண்டியிருந்ததால் விலை அதிகம். இங்கிலாந்தில் ஜாப் வயட், வில்லியம் வயட் என்னும் சகோதரர்கள் 1760-இல் திருகாணி செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1800-ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய புரிவெட்டுக் கடைசல் இயந்திரம் புரியைத் துல்லியமாக வெட்ட உதவியது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணம் கொண்ட பொதுப் புரியை முன்மொழிந்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்மொழிந்தார்.

திருகாணி மலிவானதும் இயந்திரத்தின் எல்லா மூலைகளிலும் இடம்பெற்றது. இணைப்பைக் கழற்றி மீண்டும் பூட்டலாம் என்பதே ஆணியைவிட அது பெற்ற மேன்மை. ஆனால் கருவி நுழையாத இடத்தில் இருந்தால் அந்த மேன்மை பயன்படாது.

தலைவெட்டின் மாற்றங்கள்

நேர்வெட்டின் பெரிய குறை, முனை பக்கவாட்டில் வழுக்குவது. கனடாவைச் சேர்ந்த பீட்டர் ராபர்ட்சன், இவ்வாறு வழுக்கிய திருப்புளியால் தம் கை காயப்பட்டபின் சதுரக்குழித் திருகாணியை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1936-இல் அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் சிலுவைக்குழித் திருகாணிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் காடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. நம் கடைகளில் 'ஸ்டார் ஸ்க்ரூ' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இவ்வகையே.

பிலிப்ஸ் குழியின் பக்கங்கள் சரிவானவை. விசை மிகுந்தால் முனை மேல்நோக்கி ஏறி வெளியே வழுக்கும். இரண்டு மூன்று முறை அப்படி வழுக்கினால் குழியின் விளிம்புகள் தேய்ந்து வட்டமாகிவிடும். பின்னர் எந்தத் திருப்புளியும் பிடிக்காது. ஜப்பானியர் தமக்கெனச் சற்று வேறுபட்ட சிலுவைக்குழி அளவை வகுத்தனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜப்பானியக் குழியின் அடிவரை முழுமையாக இறங்காமல் நின்றுவிடலாம். இத்தகைய திருகாணிகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுவே அடையாளம்.

ராட்செட் வந்த வழி

ராட்செட் என்பது சாய்ந்த பற்கள் கொண்ட சக்கரமும் அதில் விழும் தடுப்பு நாக்கும் சேர்ந்த அமைப்பு. சக்கரம் ஒரு திசையில் சுழல நாக்கு வழிவிடும். எதிர்த்திசையில் தடுத்து நிற்கும். மேட்டில் ஏறும் வண்டி பின்னே உருளாதபடி சக்கரத்தின் அடியில் வைக்கும் கட்டையின் வேலையை இந்த நாக்கு செய்கிறது. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது கேட்கும் ஒலியும், மிதிக்காமல் சைக்கிள் உருளும்போது ஃப்ரீவீலில் கேட்கும் ஒலியும் இந்த நாக்கு பற்களின் மேல் ஏறி இறங்கும் ஒலியே.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே.ஜே. ரிச்சர்ட்சன் 1863-இல் ராட்செட் திருகுசாவிக்குக் காப்புரிமை பெற்றார். அந்நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் நார்த் பிரதர்ஸ் நிறுவனம் 'யாங்கி' என்னும் பெயரில் ராட்செட் திருப்புளிகளை விற்றுப் புகழ்பெற்றது. 1946-இல் அந்நிறுவனத்தை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது.

வளைந்த திருப்புளி ராட்செட் இல்லாமலும் வேலை செய்யும். கம்பியின் இரு நுனிகளையும் வளைத்து, ஒரு நுனியின் அலகைப் பிடிக்கு இணையாகவும் மறு நுனியின் அலகைக் குறுக்காகவும் அமைப்பது பழைய முறை. நேர்வெட்டில் அலகு மீண்டும் பொருந்த அரைச்சுற்று, அதாவது 180 பாகை, திரும்ப வேண்டும். இரு நுனிகளையும் மாற்றி மாற்றி வைத்தால் கால்சுற்று, அதாவது 90 பாகை, போதும். ஆனால் ஒவ்வொரு கால்சுற்றுக்கும் கருவியை எடுத்துப் புரட்ட வேண்டும். ராட்செட் இந்தச் சிரமத்தைப் போக்கியது. முனையை எடுக்காமலே பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் திருகாணி ஒரே திசையில் சுழலும்.

திருவொற்றியூரும் ஓசூரும்

இந்த மாற்றங்கள் அனைத்தையும் தமிழ்நாட்டில் தயாரான இருசக்கர வாகனங்களிலேயே காணலாம். 1955-இல் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்ததைத் தொடர்ந்து, சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு வளர்ந்தது. அதனுடன் பிரிட்டிஷ் அங்குலப் புரியும் நேர்வெட்டுத் திருகாணியும் பட்டறைகளுக்கு வந்தன. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1984-இல் ஓசூரில் சுசுகி நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 100 சிசி வாகனங்கள் தயாராயின. அவற்றுடன் மெட்ரிக் புரியும் ஜப்பானிய வகைச் சிலுவைக்குழியும் வந்தன.

இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் மூன்று விதத் தலைவெட்டுகள் ஒரே பட்டறை வாசலில் வந்து நின்றன. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தின்போதும் வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகாணி என்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒளிந்திருக்கும். அதன் தலை தேய்ந்துபோனால் கார்புரேட்டரையே கழற்ற வேண்டும். சில வேளை திருகாணியைத் துளையிட்டு எடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை அரைநாள் ஆகும். வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அது அன்றைய கூலி. கருவியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம் இதனால்தான் முக்கியமாகிறது.

தேர்வு செய்யும் முறை

முதலில் பார்க்க வேண்டியது தலையின் உயரம். திருகாணியின் தலைக்கும் அதற்கு நேர் மேலே உள்ள தடைக்கும் இடையிலான வெளியை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். கருவியின் தலையும் அதில் பொருத்திய முனையும் சேர்ந்த உயரம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். திருகாணி கழலும்போது மேலே எழும். அந்த இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, பற்களின் எண்ணிக்கை. 360-ஐப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால், நாக்கு அடுத்த பல்லில் விழத் தேவையான குறைந்தபட்ச அசைவு கிடைக்கும். 24 பற்களுக்கு 15 பாகை, 36 பற்களுக்கு 10 பாகை, 72 பற்களுக்கு 5 பாகை. பிடியை அசைக்க இடம் குறைவாக இருந்தால் பற்கள் கூடுதலாக உள்ள கருவி நல்லது. ஆனால் ஒரே அளவுத் தலையில் பற்கள் கூடினால் ஒவ்வொரு பல்லும் சிறிதாகும். அதனால் எஃகின் தரமும் வேலைப்பாடும் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, முனையின் பொருத்தம். நேர்வெட்டுக்கு அலகின் அகலமும் தடிப்பும் வெட்டை நிரப்ப வேண்டும். சிலுவைக்குழிக்குப் பிலிப்ஸா ஜப்பானிய வகையா என்று பார்த்து, எண்ணளவும் சரியாக உள்ள முனையை எடுக்க வேண்டும். முனையைக் குழியில் வைத்து மெல்ல அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது.

நான்காவது, விசையின் அளவு. திருப்புவிசை என்பது கை தரும் விசையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிய அளவு. நேரான திருப்புளியின் பிடி ஆரம் ஏறக்குறைய 1.5 சென்டிமீட்டர். வளைதலைத் திருப்புளியின் பிடி நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், அதே விசைக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு திருப்புவிசை கிடைக்கும். இது உதவியும் ஆபத்தும் ஆகும். சிறு திருகாணியை இறுக்கும்போது கையின் முழு வலிமையையும் கொடுத்தால் அதன் கழுத்து ஒடியும் அல்லது அலுமினியப் புரி பிய்ந்துவிடும்.

ஐந்தாவது, கீழ்நோக்கிய அழுத்தம். நேரான திருப்புளியில் உள்ளங்கை திருகாணியை நோக்கித் தானாகவே அழுத்துகிறது. வளைதலையில் அந்த அழுத்தம் இல்லை. முனை எளிதில் வெளியே ஏறும். எனவே ஒரு கையின் கட்டைவிரலால் தலையை அழுத்திக்கொண்டு மறு கையால் பிடியை அசைக்க வேண்டும். தலையின் மேற்பரப்பு விரல் வைக்கத் தட்டையாகவும், திசைமாற்றி விரல் பட்டதும் தவறி நகராத இடத்திலும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குவது நல்லது.

துருப்பிடித்த திருகாணியில் முதலில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். நேரான திருப்புளி நுழையுமானால் முதல் இளக்கலை அதனால் செய்வதே பாதுகாப்பு. அது நுழையாத இடத்துக்கென உருவானதே வளைதலைத் திருப்புளி. எனவே வெளியை அளந்து, தலைவெட்டை அடையாளம் கண்டபின் கருவியைக் கையில் எடுப்பதே முறை.