திருமலை வரிசையும் எந்திரக் கண்ணும்

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960இல் திருத்தணிப் பகுதி அதனின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு பன்முறை மாறியும், தமிழ் மக்கள் வேங்கடமலையை நாடிச் செல்லும் வழக்கம் மாறவில்லை. வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவரும் ஊருக்கு வரும்போது இம்மலைக்குச் சென்று வருதலைக் கடமையாகக் கொண்டுள்ளனர்.

1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும்வரை அடியார்கள் பெரும்பாலும் படியேறியே சென்றனர். ஏற்றத்தின் கடுமையே கூட்டத்தை அளவோடு நிறுத்திற்று. சாலை வந்தபின் அத்தடை நீங்கிற்று. 1974இல் இரண்டாம் சாலையும் அமைந்தது. பெருகிய கூட்டத்திற்கென வைகுண்டம் காத்திருப்புக் கூடங்கள் எழுந்தன. பின்னர் ‘சுதர்சனம்’ என்னும் முறை வந்தது. தரிசன நேரம் குறித்த பட்டையொன்றை அடியாரின் மணிக்கட்டில் கட்டினர். எளிய பொருள்தான், எனினும் கணிப்பொறியோடு தொடர்புடையது. குறித்த நேரம்வரை உண்ணவும் உறங்கவும் அது வழிசெய்தது.

இன்று எந்திரம் நேரம் குறிப்பதோடு நில்லாமல் ஆளையும் அறிகிறது. 2023 மார்ச் 1 முதல் இலவச தரிசனத்திலும் அறை ஒதுக்கீட்டிலும் முகமறியும் முறை சோதனையாகத் தொடங்கிற்று. ஒருவரே பன்முறை சலுகை பெறுவதையும் இடைத்தரகரையும் தடுப்பதே அதன் நோக்கம். 2025 செப்டம்பர் 25 அன்று செயற்கை அறிவு கொண்ட கட்டுப்பாட்டு நிலையம் திருமலையில் திறக்கப்பட்டது. கேமராக்கள் அனுப்பும் காட்சியைக் கொண்டு அது மக்கள் தொகையையும் காத்திருக்கும் நேரத்தையும் கணிக்கிறது.

இவ்வேற்பாட்டின் தேவையை அவ்வாண்டின் தொடக்கமே உணர்த்திற்று. ஜனவரி 8 அன்று வைகுண்டத் துவார தரிசனச் சீட்டுக்காகத் திருப்பதி நகரில் திரண்ட கூட்டம் நெருக்குண்டு 6 பேர் மாண்டனர். தமிழகத்தாரும் அதில் உயிரிழந்தனர். அத்துயரம் நேர்ந்தது கோவிலில் அன்று. அடிவாரத்தில், சீட்டுக்குக் காத்திருந்த இடத்தில்.

ஆதலின் எந்திரம் கண்ட கணக்கு, வாயிலைத் திறக்கும் காவலருக்கு அந்நொடியே எட்ட வேண்டும். காத்திருப்போருக்கும் அது அவரவர் மொழியில், தமிழில் உட்பட, அறிவிக்கப்பட வேண்டும். முகத்தைப் பதிவுசெய்வோர், அப்பதிவு எத்துணைக் காலம் வைக்கப்படும் என்பதையும் கூறுதல் முறை. மணிக்கட்டுப் பட்டை அடியாரின் சிரமத்தைக் குறைத்தது. புதிய கருவியையும் அந்த அளவுகொண்டே நாம் மதிப்பிடல் வேண்டும்.