கோணல் கருவிழிக்கான கான்டாக்ட் லென்ஸ்

கருவிழியின் மேற்பரப்பு சீராக இல்லாதவர்களுக்கு மூக்குக்கண்ணாடி ஓரளவுக்குமேல் உதவுவதில்லை. சீரான வளைவில் உள்ள குறையைத்தான் கண்ணாடி சரிசெய்யும். இவர்களுக்கோ வளைவே கோணல். கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ், புண் ஆறிய தழும்பு, கருவிழி மாற்று அறுவைக்குப் பின் தையல் இழுத்த இழுப்பு ஆகியவை முக்கியக் காரணங்கள். கெட்டியான லென்ஸ் ஒன்றைக் கருவிழிக்கு முன் வைத்தால், இடையில் தேங்கும் நீர் மேடுபள்ளத்தை நிரப்பிவிடும். ஒளிவிலகல் எண்ணில் கண்ணீரும் (1.336) கருவிழியும் (1.376) நெருங்கியவை என்பதால் அடியிலுள்ள கோணல் பெரும்பாலும் மறைந்துபோகும்.

பழனி வட்டத்துக் கீரனூர் போன்ற விவசாய ஊர்களில் கெரட்டோகோனஸைவிடத் தழும்பைத்தான் ஜனங்கள் அறிவார்கள். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். நெல்தாளோ கரும்புச் சோகையோ கீறிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு வெளியான மதுரை ஆய்வில், 434 நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில் பூஞ்சை இருந்தது. பூ நடுவில் அடர்ந்து வெளிச்சத்தையே மறைத்துவிட்டால் லென்ஸால் பயனில்லை. தழும்பு மெல்லியதாக இருந்து, வளைவை மட்டும் கெடுத்திருந்தால்தான் லென்ஸுக்கு வேலை.

இந்த லென்ஸின் வரலாறு ஒரு வட்டம் போட்டுத் தொடங்கிய யோசனைக்கே திரும்பிய கதை. 1888இல் சூரிச்சில் அடால்ஃப் ஃபிக், வெள்விழியில் அமர்ந்து கருவிழியைத் தொடாமல் கவிந்து நிற்கும் கண்ணாடி ஓடு ஒன்றை முயல்களிடம் சோதித்துப் பிறகு தன் கண்ணிலேயே பொருத்தினார். அடியில் சர்க்கரைக் கரைசல் ஊற்றினார். அதே ஆண்டு பாரிஸில் எழேன் கால்ட் கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்குக் கண்ணாடி ஓடு வைத்தார். மறு ஆண்டு கீல் நகரில் தன் கிட்டப்பார்வைக்கே லென்ஸ் செய்த ஆகஸ்ட் முல்லரால் மரத்துப்போகும் மருந்து விட்டும் அரை மணி நேரத்துக்குமேல் அதைத் தாங்க முடியவில்லை. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி அந்த வழியை அடைத்துவிட்டது.

பிளாஸ்டிக் வந்தபோதும் இந்தச் சிக்கல் தீரவில்லை, ஏனெனில் பிஎம்எம்ஏ என்ற அந்தப் பிளாஸ்டிக்கும் காற்றை விடாது. 1948இல் கெவின் டுவோஹி கருவிழி அளவுக்கே சிறுத்த லென்ஸைக் கொண்டுவந்தார். இமை கொட்டும்போதெல்லாம் அது அசைந்து புதுக் கண்ணீர் உள்ளே போக வழி கிடைத்தது. பெரிய ஓடு ஓரங்கட்டப்பட்டது. ஆனால் சிறிய லென்ஸ் கூம்பின் முனையில் உரசும், தூசி புகுந்தால் உயிர் போகும், குனிந்து வேலை செய்யும்போது கழன்றும் விழும். வயலில் நிற்பவருக்கு இவை சில்லறைத் தொந்தரவுகள் அல்ல.

ஆக்சிஜனை ஊடுருவவிடும் கெட்டிப் பிளாஸ்டிக் 1970களில் வந்தபிறகுதான் ஃபிக்கின் ஓட்டுக்கு மறுபிறவி. 1983இல் ஆஸ்திரேலியாவின் டொனால்ட் எசக்கியேல் அந்தப் பிளாஸ்டிக்கில், வெள்விழியில் அமரும் ஸ்கிளீரல் லென்ஸ் செய்ததை எழுதினார். பாஸ்டனில் பெர்ரி ரோசெந்தால் உருவாக்கிய வகைக்கு 1994இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பின்னர் அதற்கு ‘புரோஸ்’ என்று பெயரானது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதை இங்கே பொருத்தத் தொடங்கின. லென்ஸுக்கு அடியில் தேங்கும் நீர் உலர்ந்த கண்ணுக்கும் இதம் தருகிறது. மருந்து ஒவ்வாமையால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்தவர்கள் பலர் இதை நம்பியிருக்கிறார்கள்.

லென்ஸ் செய்வதைவிடப் பொருத்துவதுதான் கடினம். கருவிழியின் வளைவை டோப்போகிராபி கருவியில் அளந்து, மாதிரி லென்ஸ்களை மாட்டிப் பார்த்து, சில மணி நேரம் உட்காரவைத்து அது எவ்வளவு அமுங்குகிறது என்று கவனிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் தேவை என்பதால் கீரனூர்க்காரர் பெரும்பாலும் மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டியிருக்கும். வீட்டில் காலையில் ரப்பர் உறிஞ்சியில் லென்ஸைக் கிண்ணம்போல் நிமிர்த்திப் பிடித்து, பாதுகாப்பு மருந்து கலக்காத சலைன் நிரப்பி, தலையைக் குனிந்து மாட்டிக்கொள்வார்கள். மதியத்தில் மங்கலானால் கழற்றிப் புதுச் சலைன் விட வேண்டும். இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி கருவிழிக்குள் புகுந்தால் விரட்டுவதற்கு மாதக்கணக்கில் சிகிச்சை ஆகும்.