பழைய மோட்டார் சைக்கிள்: வாங்கிய பின் சோதனையும் மேம்பாடும்

பிறர் ஓட்டிய மோட்டார் சைக்கிளை வாங்கியவர், அதை அன்றாடம் நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரச் செய்யும் சோதனை, பழுதுநீக்கம், பாகமாற்றம் ஆகியவை இக்கட்டுரையின் பொருள். விருதுநகர்–சிவகாசி சாலையில் உள்ள ஆமத்தூர் வட்டாரத்தில் இது பிழைப்போடு சேர்ந்த விஷயம். மக்கள் வேலைக்குப் போகும் பட்டாசு ஆலைகள் பாதுகாப்பு கருதி ஊரை விட்டு விலகிய வெட்டவெளியில் அமைபவை. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆலை கேட் வரை கரிசல் மண்பாதையாக இருந்தால் சொந்த வண்டி இல்லாமல் முடியாது. 1994-இல் அறிமுகமான 97.2 சி.சி. ஸ்பிளெண்டர், 2015-இல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 போன்றவை பழைய வண்டிச் சந்தையில் விலை போவதற்குக் காரணம், எந்தச் சிறிய ஊரிலும் அவற்றுக்கு ஸ்பேர் கிடைப்பதும் எந்த மெக்கானிக்கும் அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்திருப்பதுமே.

முதல் சோதனை காகிதங்களில் தொடங்குகிறது. ஹேண்டில் கழுத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புக்கில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண்ணைச் சுரண்டிய தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் வாங்கி எடுத்த வண்டியானால் நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விருதுநகர் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டி.என். 67, சிவகாசியுடையது டி.என். 95. பழைய பெயரிலேயே ஓட்டுவது விற்றவரையும் மாட்டிவிடும்: விபத்து நடந்தால் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் உண்டு; அதை விலை பேசும்போதே கழித்துக்கொள்ள வேண்டும்.

காகிதம் முடிந்ததும் கை வண்டிக்குப் போகட்டும். இவ்வட்டாரத்தில் வண்டியைத் தின்பது கரிசல் மண். கோடையில் அது மாவாகப் பறந்து ஏர் ஃபில்டரை அடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களியாகி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொள்கிறது, செயினுக்குள்ளும் புகுந்து அரைக்கிறது. ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் செயின் கவர் முழுதாக மூடியிருப்பதால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொங்கினால் செயின் தேய்ந்துவிட்டது. கவரைக் கழற்றி, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினை விரலால் இழுத்துப் பார்க்கலாம். பல்லை விட்டு நன்றாக விலகி வந்தாலோ, பற்கள் கொக்கிபோல் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரமே கெடுத்துவிடும். ஏர் ஃபில்டரில் ஒரு நுட்பம்: ஸ்பாஞ்சு வகையைக் கழுவி, எண்ணெய் தோய்த்துப் பிழிந்து மீண்டும் போடலாம், எண்ணெய்ப் பசையுள்ள காகித வகையைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

டிரம் பிரேக்கில் சக்கரத்தட்டின் வெளிப்புறம் சின்ன அம்பு ஒன்று இருக்கும். பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது அந்த அம்பு தட்டிலுள்ள குறியைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது. நட்டை முறுக்கி இன்னும் சில மாதம் ஓட்டுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. டிஸ்க் பிரேக் ஆனால் பேடோடு பிரேக் ஆயிலையும் பார்க்க வேண்டும். டீ நிறத்துக்குக் கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டன் இருந்தும் ரப்பர் வெடித்த டயர்கள் இந்த வெயில் ஊரில் ஏராளம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெல்ல இருபுறமும் திருப்பினால், நடுவில் எங்கோ ‘டொக்’கென்று உட்காருவது கையில் தெரியலாம். அது ஹேண்டில் கழுத்திலுள்ள கோன் செட் போனதன் அடையாளம். பள்ளம் விழுந்த சாலையில் வண்டி நேராக நிற்காமல் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்ஜினைக் காலையில், சூடேறாதபோது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்னமே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பல குறைகள் மறைந்துவிடும். நீலப்புகை ஆயில் எரிவதையும் கரும்புகை பெட்ரோல் மிகுவதையும் காட்டும். ஆயில், பிளக், டேப்பெட் ஆகிய மூன்றையும் முந்தைய கணக்கை நம்பாமல் புதிதாகத் தொடங்குவதே வழக்கம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கும். மீட்டரில் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் பெட்ரோல் டியூப், காக் வாஷர் ஆகியவை கசிகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

கசிவையும் ஒயரிங்கையும் இப்பகுதியில் சாதாரணக் குறையாக எண்ணக் கூடாது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுகள், ஃபியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி போன்றவை எங்கும் ஆபத்துதான். ஆலை கேட் அருகே நிற்கப்போகும் வண்டியில் அறவே கூடாது. பட்டாசு மருந்து படிந்த வேலை உடுப்போடு சூடான சைலன்சர் அருகே உட்காருவதும் அப்படியே. வண்டியில் பட்டாசு மூட்டை கட்டுவதன் விளைவை 2021 நவம்பர் 4, தீபாவளி நாளில் புதுச்சேரி எல்லையில் உள்ள கோட்டக்குப்பம் காட்டியது: ஸ்கூட்டரில் கொண்டுபோன நாட்டுப் பட்டாசு வெடித்துத் தந்தையும் ஏழு வயது மகனும் இறந்தனர். பக்கப்பெட்டி, கேரியர் எல்லாம் சாப்பாட்டுத் தூக்குக்கும் மழைக்கோட்டுக்கும் மட்டுமே.

மேம்பாடு என்றதும் இளைஞர்கள் பலர் சைலன்சரிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் முதல் பணம் டயருக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும். அடுத்தது நல்ல பேட்டரியும் கம்பெனி அளவு வாட்டில் ஹெட்லைட்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. இருவழிச் சாலையில் பிறருக்குக் கேடு. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அழகுக்காகச் சேலை கார்டையும் பின்கைப்பிடியையும் கழற்றுவது அதைவிட மோசம். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்வைப்பும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் வேண்டும் என்கிறது. சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து வேலைக்குப் போகும் ஊரில் இதை முதலில் திரும்பப் பூட்ட வேண்டும்.

புதுச் செயினும் ஸ்போக்ஸும் ஓடத் தொடங்கியதும் சற்றுத் தளரும். ஆகவே சில நூறு கிலோமீட்டருக்குப் பின் செயின் தொய்வு, சக்கரக் கம்பி, ஆக்சில் நட்டு, ஆயில் அளவு ஆகியவற்றை மறுபடி பார்த்து, மாற்றிய பாகங்களையும் அப்போதைய மீட்டர் அளவையும் எழுதிவைக்க வேண்டும்.