ஆப்பிள் 1 கணினித் தயாரிப்பும் விடுமுறை மாணவர்களும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1976இல் வெளிவந்த ஆப்பிள் 1, ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஒற்றைச் சுற்றுப்பலகைக் கணினி. ஏறத்தாழ 200 பலகைகளே உருவாயின. அவற்றில் ஒரு பகுதியை முடித்துக் கொடுத்தவர்கள், வாஸ்னியாக்குடன் ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸின் வீட்டாரும் விடுமுறையில் இருந்த மாணவ நண்பர்களும்.

கணினி உறுப்புகளைக் கையால் செய்வது அப்போது புதிதல்ல. 1950, 60களில் காந்த வளைய நினைவகங்களுக்குப் பெண் தொழிலாளர்கள் கம்பி கோத்தனர். ஸ்டீவ் ஜாப்ஸும் பள்ளி நாட்களில் ஹியூலெட்-பேக்கார்டின் அதிர்வெண் அளவி தயாரிக்கும் பிரிவில் ஒரு கோடை விடுமுறை முழுதும் திருகு முடுக்கியவர். உதிரிப் பாகம் கேட்டு நிறுவனர் பில் ஹியூலெட்டுக்கே அவர் தொலைபேசியில் பேசியதால் அந்த வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 12 என்றும் 13 என்றும் இருவிதமாகச் சொல்வர்.

பைட் ஷாப் என்ற கணினிக் கடையின் பால் டெரெல், தலா 500 டாலருக்கு 50 ஆப்பிள் 1 கணினிகள் கேட்டார்; பொருத்தி முடித்த பலகைகளே வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அதற்கு முன்பே பணம் திரட்ட ஜாப்ஸ் தம் வேனையும் வாஸ்னியாக் தம் கணிப்பானையும் விற்றிருந்தனர். உதிரிப் பாகங்கள் 30 நாள் கடனில் வந்தன. பற்றவைப்பு வெளியே ஒரு பட்டறையில் முடிந்துவிட்டதால், ஜாப்ஸ் குடும்பத்தின் லாஸ் ஆல்டோஸ் வீட்டில் மிஞ்சியது பொருத்திகளில் சில்லுகளைச் செருகுவதும் சோதிப்பதும்தான். பலகைக்குச் சுமார் 60 சில்லுகள். கால்கள் வளையாமல் அழுத்தும் பொறுமை இருந்தால் போதும், மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பாட்டி என்ற பெயருடைய ஜாப்ஸின் தங்கை, பலகைக்கு ஒரு டாலர் கூலியில் இதைச் செய்தார். சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே செருகினார் என்ற குறிப்பும் உண்டு. ரீட் கல்லூரி நண்பர் டேனியல் கோட்கே அந்தக் கோடையில் வந்து சேர்ந்தார். பள்ளி மாணவரான 14 வயது கிறிஸ் எஸ்பினோசா பேசிக் மொழியில் நிரல்கள் எழுதினார். செருகிய பலகையைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்துப் பார்ப்பார்கள். படம் வந்தால் பெட்டிக்குள், வராவிட்டால் பழுது பார்க்கும் குவியலுக்கு.

வேலை எங்கே நடந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கார் கொட்டகைதான் ஆப்பிளின் பிறப்பிடம் என்பது வழக்கு. கொட்டகைக் கதை ஓரளவு கட்டுக்கதை, வடிவமைப்பு அங்கே நடக்கவில்லை என்று வாஸ்னியாக் 2014இல் கூறினார். லாஸ் ஆல்டோஸ் நகர வரலாற்று ஆணையமோ 2013இலேயே அவ்வீட்டை வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருந்தது. வீட்டின் படுக்கையறையில் தொடங்கிய வேலை பிறகே கொட்டகைக்கு மாறியதாகத் தெரிகிறது.

1977இல் ஆப்பிள் 2 வந்ததும் தயாரிப்பு வீட்டைவிட்டு வெளியேறியது. பழைய பலகைகள் பலவற்றை நிறுவனமே திரும்பப் பெற்று அழித்தது. 666.66 டாலருக்கு விற்ற அந்தக் கணினிகளில் ஒன்றை ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் 2014இல் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கியது.